தறி ஓடிய பட்டறையில் ஒரு சனிக்கிழமை: துயரமான ஆட்ட இசைக்கு நான்கு மணி நேரம்

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூருக்குப் போகும் வழியில், கடைவீதி வருவதற்கு முன்பே பிரியும் இட்டேரி ஒன்றின் முடிவில், பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்த பட்டறை ஒன்று இருக்கிறது. தறிகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. இப்போது அங்கே ஒவ்வொரு மாதமும் நான்காம் சனிக்கிழமை மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் சேர்ந்து இசை கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்துகிறார்கள். பெயர்ப் பலகை கிடையாது. கூட்டத்துக்கே பெயர் வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பில் நாளும் நேரமும், அன்றைய பொருள் என்ன என்பதும் மட்டும் இருக்கும். நபருக்கு 350 ரூபாய். வரக்காப்பியும் கச்சாயமும் அதில் அடக்கம். சென்ற மாதத்துப் பொருள், எலக்ட்ரானிக் நடன இசையில் இருக்கும் துயரமும், ஆடிக்கொண்டே ஒருவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளும். நான் போனது அந்த மாலைக்குத்தான் என்பதால், இந்த மதிப்புரையும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்த இசையைப் பற்றி நம் பக்கத்தில் நிலவும் எண்ணம் எளிமையானது: கல்யாண வரவேற்பிலும் கல்லூரி விழாவிலும் காது கிழிய ஒலிப்பது, ஆடத் தெரிந்தவர்களுக்கும் குடித்திருப்பவர்களுக்கும் உரியது, யோசிக்க அதில் ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளாகத் திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நான், ஷிப்மென்ட் கிளம்பும் இரவுகளில் இதே இசையைத் தனியாகக் கேட்டுப் பழகியவன். அதிகாலை இரண்டு மணிக்கு அவிநாசி சாலையில் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது, ஆட வேண்டிய பாட்டு ஏன் தொண்டையை அடைக்கிறது என்ற கேள்வி பல நாள் எழுந்திருக்கிறது. அதைப் பேசுவதற்குத்தான் ஆள் அகப்படவில்லை. அழைப்பைப் பார்த்த அன்றே பணம் அனுப்பிவிட்டேன்.

முதலில் கூடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கொடுத்த பணத்தில் பாதி அதற்கே தகும். சுவர்களில் எதிரொலி அடங்குவதற்காகக் கழிவுப் பஞ்சைக் காடாத் துணியில் அடைத்துத் தைத்த திண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டும் இந்த ஊரில் அள்ளக் கிடைப்பவை; கடையில் விற்கும் பஞ்சு அட்டைகளைவிட நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்தவர், முப்பது ஆண்டுகளாகக் கோயில் நோம்பிகளுக்கு மைக்செட் போட்டுவந்த பெரியவர். எல்லாரும் அவரை அண்ணன் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று. மேலே பழைய குழாய் ஸ்பீக்கரின் டிரைவரைக் கழற்றி மாட்டியிருக்கிறார். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வயிற்றில் வந்து தொடுகிறது, ஆனால் வார்த்தைகளை விழுங்குவதில்லை. குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த சுரம் வரும்போது மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை கூடவே முனகுகிறது. அண்ணனிடம் சொன்னேன். "தெரியுமுங்க தம்பி, கூரைக்கும் ஒரு சுதி இருக்குதல்லங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்துப் பட்டறையில் தறிகள் இன்னும் ஓடுகின்றன என்பது அழைப்பில் இல்லாத செய்தி. சாதாரண விசைத்தறி, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 150 தடவை அடிக்கும். எலக்ட்ரானிக் நடன இசையின் இரண்டு வகைகளான ஹவுஸும் டெக்னோவும் பெரும்பாலும் நடை போடுவது அந்த வேகத்தில்தான். ஆகவே இரண்டு பாட்டுகளுக்கு இடையில் அமைதியே இருக்காது. சுவருக்கு அப்பாலிருந்து இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். சோமனூரில் தறிச் சத்தம் கேட்கிறது என்று முறையிடுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

கூட்டத்தை நடத்திய இளைஞர் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் எடுப்பவர், அது பேச்சிலேயே தெரிந்தது. முதல் பாட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் பேசினார். அதில் பத்து நிமிடத்தைத் தயங்காமல் வெட்டியிருக்கலாம் என்றாலும், மீதிப் பத்து நிமிடம் மிகவும் தேவையானது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில், இரண்டு ஆட்டங்களுக்கு இடையில், டிஸ்கோவை வெறுத்தவர்கள் பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைப் பார்த்த கூட்டம் திடலுக்குள் பாய்ந்து இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போயிற்று. அதே ஊரில், 1977 முதல், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருமான தற்பால் ஈர்ப்புள்ள ஆண்கள். வெளியில் தலை நிமிர முடியாதவர்கள். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அடுத்த பத்தாண்டில் எய்ட்ஸ் நோய் அந்தக் கூட்டத்திலிருந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோயிற்று. 1989-இல் நக்கிள்ஸ், சடோஷி தோமியீ என்ற ஜப்பானிய இளைஞரோடும் ராபர்ட் ஓவன்ஸ் என்ற பாடகரோடும் சேர்ந்து வெளியிட்ட பாட்டின் தலைப்பு 'டியர்ஸ்', அதாவது கண்ணீர். அன்று ஒலித்த முதல் பாட்டு அதுதான். ஆட்டத்துக்கென்று செய்த ஒரு பாட்டுக்குக் கண்ணீர் என்று பெயர் வைத்தவர்களுக்கு, யாருக்காக வாசிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

அடுத்து டெட்ராய்ட். இந்த இடத்தில்தான் கூட்டம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. கார் ஆலைகளால் பிழைத்த அந்த நகரத்தின் மக்கள்தொகை 1950-இல் 18 லட்சத்துக்கு மேல். 1990-இல் 10 லட்சத்துச் சொச்சம். ஆலைகள் சுருங்கச் சுருங்க, நகரத்தைவிட்டு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நகரத்துக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள் செய்த இசைதான் டெக்னோ. எதிர்காலம் என்று ஒன்று வரப்போகிறது என்ற நம்பிக்கையோடு, இயந்திரங்களைக் கொண்டே, இயந்திரங்கள் கைவிட்ட ஊரிலிருந்து செய்த இசை. நடத்துநர் போட்டது டெரிக் மே 1987-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்'. ஆட்டப் பாட்டு என்றால் பேஸ் ஓட்டம் இல்லாமல் முடியாது என்று எண்ணுவோம். இதில் அது கிடையவே கிடையாது. பியானோ ஒன்று ஒரே வரியை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, வயலின் போன்ற ஒலிகள் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு மேலே எழுகின்றன. காலுக்குக் கீழே தரை இல்லாமல் ஓடுவது போல இருக்கும். மகிழ்ச்சியான பாட்டா, பதற்றமான பாட்டா என்று இத்தனை ஆண்டுகளில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை வந்தது 1888-இல். எங்கள் அப்பா மில் வேலைக்குப் போனவர்; வீட்டில் கடிகாரத்தைவிட மில் சங்குக்குத்தான் மதிப்பு அதிகம். சங்கு பிடித்ததும் சாப்பாட்டுப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் சங்கு நின்றுபோயிற்று. அதன் பிறகும் சில மாதங்கள் அவர் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். டெட்ராய்ட் இசையைப் புரிந்துகொள்ள எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் நடத்துநர் இந்த ஒப்புமையைத் தொடவே இல்லை. தறி எடுத்த பட்டறையில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் விட்டது அடக்கமா, கவனக்குறைவா என்பது எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவதாக வந்தது 'ப்ளூ மண்டே'. ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம், அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய வேளையில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றி, 1983-இல் வெளியிட்ட ஏழரை நிமிடப் பாட்டு இது. ஊரெல்லாம் இதற்கு ஆடியது. தொடக்கத்தில் டிரம் இயந்திரம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருக்கும். குரல் வருவதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வந்தபின் அது பாடுவதைவிடச் சொல்வதே அதிகம், அதுவும் முகத்தில் அசைவில்லாதவர் சொல்வது போல. சுரங்களை ஒவ்வொன்றாகக் கையால் எண்ணி இயந்திரத்தில் ஏற்றியவர், அப்படிப் புதிதாகச் சேர்ந்த ஜில்லியன் கில்பர்ட்; அவர் ஒரு சுரத்தை விட்டுவிட்டார். அதனால் மெட்டு தாளத்தோடு இம்மி பிசகி நடக்கிறது. அண்ணன் நல்ல ஸ்பீக்கரில் போட்டதால் அந்தப் பிசகு துலக்கமாகக் கேட்டது. அதைத் திருத்தாமல் விட்டதற்காக அந்தக் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனது பழைய கேள்விக்கு அன்று கிடைத்த விடை அதில்தான் இருந்தது. இந்த இசையின் முதுகெலும்பு, ஒரு தாளவட்டத்துக்கு நான்கு என்று விடாமல் விழும் கிக், அதாவது கனத்த டிரம் அடி. கிக் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற ஒலிகளெல்லாம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அமுங்கி மறுபடி எழும்படி அமைப்பார்கள்; அந்த உத்திக்கு சைட்செயின் என்று பெயர். கேட்பவருக்கு அது உத்தியாகத் தெரியாது. பாட்டே மூச்சு வாங்குவதாகத் தோன்றும். அடுத்தது, நடுவில் கிக்கை முழுவதுமாக எடுத்துவிட்டு, சுரக்கூட்டுகளை மட்டும் மிதக்க விடும் பகுதி, பிரேக்டவுன் என்பார்கள். அதுவரை காலைத் தாங்கிக்கொண்டிருந்த தாளம் போனதும், அதற்குள் மறைந்திருந்த வருத்தம் மூடி திறந்தாற்போல வெளியே வருகிறது. மூன்றாவது, நான்கு சுரக்கூட்டுகள் சுற்றிச் சுற்றி வருமே தவிர, ஆதார சுருதியில் வந்து அமர்ந்து முடிந்தது என்று சொல்லாது. பெரும்பாலும் அவை வருத்தம் தரும் மைனர் வகையைச் சேர்ந்தவை. வீடு திரும்பாத நடை அது. ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினார் நடத்துநர்: கிக் உள்ளபோது ஒருமுறை, அதை வடிகட்டிவிட்டு ஒருமுறை. கிக் இல்லாதபோது அது வெறும் சோகப் பாட்டு. அழுதுவிட்டு எழுந்து போய்விடலாம். கிக் இருக்கும்போது அழவும் விடுவதில்லை, உட்காரவும் விடுவதில்லை. வருத்தத்தைப் போக்காமல், வருத்தத்தோடு நிற்க வைக்கிறது. அதிகாலை இரண்டு மணிக்கு எனக்குத் தொண்டை அடைத்தது இதனால்தான் போலும்.

'எவ்ரிதிங் பட் தி கர்ள்' இணையின் 'மிஸ்ஸிங்' பாட்டைப் பற்றி நடத்துநர் அதிகம் பேசவில்லை, தேவையும் இல்லை. மெல்லிய ஏக்கப் பாட்டாக வெளிவந்து அதிகம் பேர் கவனிக்காமல் போனதை, டாட் டெர்ரி என்ற டிஜே தாளம் சேர்த்துத் திருத்திய பிறகு 1995-இல் உலகமே ஆடியது. நான் இப்போது சொன்னதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

காப்பி இடைவேளை. கச்சாயம் அன்று மதியமே சுட்டதாக இருக்க வேண்டும், ஓரம் விறைத்திருந்தது. காப்பியில் கருப்பட்டி தாராளம். அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க தம்பி, இதென்ன புதுசுங்க? நம்மூரு எழவு ஊட்டுல மேளம் அடிக்கறப்ப ஆரு சும்மா நிக்கறாங்க? அழுதுட்டேதான ஆடறாங்க" என்றார். நான் மறுக்கவில்லை. அவர் தொடர்ந்து, அண்ணமார் கதைக்கு மைக்செட் போட்ட இரவுகளைச் சொன்னார். உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படும் அந்தக் கதையில் பொன்னரும் சங்கரும் மாண்ட இடம் வந்ததும், அருள் வந்தவர்கள் படுகளத்தில் பிணம் போல விழுந்து கிடப்பார்கள். அவர்களுடைய தங்கை தங்காள் புலம்பி நீர் தெளித்தபின் எழுந்திருப்பார்கள். உடுக்கையின் வேகம் ஏறி ஏறிச் சட்டென்று நிற்கும் அந்தக் கணத்தை அவர் கையால் தொடையில் தட்டிக் காட்டினார். "நின்ன பொறகுதானுங்க உழுவாங்க. அடிச்சிட்டு இருக்கற வரைக்கும் ஆரும் உழ மாட்டாங்க." பிரேக்டவுனைப் பற்றி நடத்துநர் கால் மணி நேரம் விளக்கியதை அண்ணன் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் மைக்கை அவரிடம் கொடுப்பது நல்லது.

இரண்டாம் பாதி தன்னைத் தானே கேட்டுக்கொள்வது பற்றியது. அண்டர்வேர்ல்ட் குழுவின் 'பார்ன் ஸ்லிப்பி' 1996-இல் பிரிட்டனில் பெரும் வெற்றி பெற்ற பாட்டு. அதில் குழுவின் பாடகர் கார்ல் ஹைட் எழுதியது தன் குடிப் பழக்கத்தைப் பற்றி. குடித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் ஒருவனின் சிதறிய நினைவுகள், அறுந்த சொற்களாக வந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கே அதற்கு ஆடிய கூட்டம் அதைக் குடிக் கொண்டாட்டப் பாட்டாக எடுத்துக்கொண்டு, மது வகையின் பெயர் வரும் இடத்தில் கையிலிருந்த பீர் டின்களை உயர்த்தியது. உதவி கேட்டு அழைத்த குரலுக்குக் கைதட்டல் பதிலாக வந்தால் பாடியவர் என்ன செய்வார்? இந்த இசையின் உள்முரண் முழுவதும் இந்த ஒரு பாட்டில் இருக்கிறது. பிறகு எல்.சி.டி. சவுண்ட்சிஸ்டம் 2002-இல் வெளியிட்ட முதல் பாட்டு, 'லூசிங் மை எட்ஜ்'. தான் போட்டுவந்த அரிய இசைத்தட்டுகளைத் தன்னைவிட இளையவர்கள் போடக் கேட்டு மிரண்ட ஒரு டிஜே, எல்லா இடத்திலும் தானே முதலில் இருந்ததாகப் பெருமையடித்துக்கொண்டே கரைந்துபோகும் பாட்டு. கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் 45 வயதில், முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த கல்லூரிப் பையனிடம் இதையெல்லாம் நான் 2005-லேயே கேட்டுவிட்டேன் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தேன்.

அன்று எனக்குப் புதிதாகக் கிடைத்த செல்வம் சரண்ஜித் சிங். மும்பையில் இந்தித் திரைப்பாடல்களுக்கு வாசித்துவந்த கலைஞர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 ஆகிய மூன்று எலக்ட்ரானிக் கருவிகளை வைத்துக்கொண்டு, பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அது கண்டுகொள்ளப்படவில்லை. அந்த டிபி-303 என்பதே, தனியாக உட்கார்ந்து கிட்டார் பழகுபவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த பெட்டி. விற்பனை இல்லாமல் 1984-இல் நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியைத் திருகித் திருகி சிகாகோ இளைஞர்கள் 1987-இல் ஆசிட் ஹவுஸ் என்ற வகையை உண்டாக்கினார்கள். 2010-இல் சிங்கின் இசைத்தட்டு மறுபடி வெளிவந்தபோது, அதே கருவியில் அதே மாதிரி ஒலியை ஐந்தாண்டுக்கு முன்னரே ஓர் இந்தியர் வாசித்திருக்கிறாரே என்று உலகம் திகைத்தது. அவர் 2015-இல் காலமானார். நடத்துநர் போட்டது தோடி இராகம். வடக்கத்தித் தோடி நம் கர்நாடக சங்கீதத்தில் சுபபந்துவராளிக்குச் சமம். அண்ணனுக்கு இது எதுவும் சொல்லப்படவில்லை. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்றவர் தலையைச் சாய்த்து, "சுபபந்துவராளியாட்ட இருக்குதுங்களே, நாயனக்காரரு ராத்திரி பதினோரு மணிக்கு மேல எடுப்பாரு" என்றார். மனத்தைப் பிழியும் அந்த இராகத்தை, தயவு தாட்சண்யம் இல்லாத இயந்திரத் தாளம் இழுத்துக்கொண்டு போவதைக் கேட்க ஒருவகையில் கொடுமையாகவும் இருந்தது. நல்ல கொடுமை.

கடைசிப் பாட்டு பெரியல் என்ற பெயரில் இலண்டன்காரர் ஒருவர் 2007-இல் வெளியிட்ட 'அன்ட்ரூ' தொகுப்பிலிருந்து. தான் யார் என்பதை அடுத்த ஆண்டு வரை வெளியே சொல்லாதவர். தாளத்தைக் கட்டத்துக்குள் அடைக்கும் மென்பொருள் இல்லாமல், ஒலி அலையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தே ஒவ்வோர் அடியையும் வைத்தவர் என்பதால், அவருடைய தாளம் தள்ளாடும். வேறு பாட்டுகளிலிருந்து அறுத்தெடுத்த குரல்களைச் சுருதி மாற்றி, ஆணா பெண்ணா என்று தெரியாமல் செய்திருப்பார். மழைச் சத்தம், இசைத்தட்டின் பொரிச்சல். ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபின் பேருந்துக்கு நிற்பவனுடைய இசை. குரல் மட்டும் மிதந்துகொண்டிருந்த இடத்தில் படாரென்று எல்லாம் அணைந்தது. ஃபியூஸ் போய்விட்டது. எங்கள் பட்டறைக்கு மட்டும்தான். பக்கத்துப் பட்டறையில் தறிகள் நிற்கவில்லை. நாற்பது பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு அப்பாலிருந்து அடி மட்டும் வந்துகொண்டே இருந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் எரிவது கைப்பேசி வெளிச்சம். அன்று சிறிது நேரம் அதுகூட எரியவில்லை. பல்லடத்திலிருந்து கணவரோடு வந்திருந்த அம்மணி ஒருவர், நெடுங்காலம் தறி ஓட்டியவராம், இருட்டிலேயே சொன்னார்: "கடைசித் தறியில நாடா சரியில்லீங்க. சத்தம் ரெண்டாப் பிரியுது பாருங்க." கூர்ந்து கேட்டபோது எனக்கும் பிரிந்தது. அண்ணன் டார்ச்சோடு போய்க் கம்பி சுற்றி, ஐந்து நிமிடத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்தார். நடத்துநர் விளக்கம் எதுவும் கூறாமல் பாட்டை முதலிலிருந்து போட்டார். அன்றைக்கு அவர் செய்தவற்றில் மிகச் சிறந்தது அதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கல்யாண மண்டபம் போல நெருக்கி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். யாரும் எழுந்து ஆட இடமில்லை. ஆட்ட இசையில் இருக்கும் துயரத்தைப் பற்றி நான்கு மணி நேரம் பேசிவிட்டு ஒருவர்கூட ஆடாமல் போவது, இலை போட்டுவிட்டுச் சமையலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. மேலே நான் எழுதியதெல்லாம் உட்கார்ந்து கேட்டவனுடைய கருத்து என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. நின்று ஆடியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்ற ஐயம் எனக்கே இருக்கிறது. கழிவறை ஒன்றுதான், அதன் தாழ்ப்பாளும் நம்பத் தகுந்ததாக இல்லை. பெரும்பாலான பாட்டுகள் மடிக்கணினியிலிருந்து போட்டவை. இசைத்தட்டில் ஒலித்தவை மூன்றே மூன்று. அழைப்பில் இசைத்தட்டின் படம் போட்டிருந்ததால் இதைக் குறிப்பிடுகிறேன். பத்து மணிக்கு முடிக்க வேண்டியதைப் பத்தே முக்காலுக்கு முடித்ததால், பேருந்தை நம்பி வந்த இரண்டு பையன்களை என் காரில் சிங்காநல்லூரில் இறக்கிவிட வேண்டியதாயிற்று. இத்தனைக்குப் பிறகும் 350 ரூபாய் அதிகம் என்று சொல்ல மாட்டேன். போகிறவர்கள் செருப்புக்குப் பதிலாக ஷூ அணிந்து போவது அவசியம். தறி பூட்டியிருந்த போல்ட்டுகள் சிமெண்ட் தரையில் அங்கங்கே இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கின்றன, என் கட்டை விரல் நகம் அதில் ஒன்றில் பெயர்ந்தது.

கிளம்பும்போது அண்ணனிடம் அதைத்தான் கேட்டேன்: போல்ட்டுகளை அறுத்துவிட்டு நாற்காலிகளை ஓரம் கட்டினால் ஆடவும் இடம் கிடைக்குமே என்று. அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "கேட்டுப் பாத்தோமுங்க. பட்டறைக்காரரு ஒத்துக்க மாட்டேங்கறாரு. நூல் வெல எறங்குனா மறுக்காத் தறி போட்டுப்போடலாங்கறாருங்க."